துடைத்தழிக்கப்படும் சாட்சியம்

பழைய கைத்துப்பாக்கியொன்றை வாங்கி, தேய்த்து மெருகேற்றி, தொழிற்சாலையிலிருந்து நேற்று வந்ததுபோல் ஆக்கிவிட்டதாக மார்தட்டும் சேகரிப்பாளர்கள் மேலைநாடுகளில் மலிந்துள்ளனர். இதற்கு அவர்கள் சூட்டியுள்ள பெயர் புனரமைப்பு. நான் அழிப்பு என்றே சொல்வேன். ஏட்டுச்சுவடியின் எழுத்துக்களைச் சுரண்டிவிட்டு ஓலையைப் பளபளப்பாக்கிக் காட்டுபவரை நாம் பதிப்பாசிரியர் என்றா அழைக்கிறோம்?

ஜேர்மன் லூகரை எடுத்துக்கொள்வோம். 1900 இல் சுவிஸ் இராணுவமும், 1904 இல் ஜேர்மன் கடற்படையும், 1908 இல் அந்நாட்டுத் தரைப்படையும் ஏற்றுக்கொண்ட இந்த அரைத் தானியங்கி ஆயுதம், தன் வரலாற்றைத் தன் உடம்பிலேயே எழுதிவைத்திருக்கிறது. சிறு பாகங்களிலும் தொடரிலக்கத்தின் கடைசி இரு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலாம் உலகப்போர்க் காலத்தவை பலவற்றில், பிடியின் முன்பட்டியில் படைப்பிரிவின் குறியும் ஆயுத இலக்கமும் காணப்படும். ரவையறையின் மேல் 1917 என்றும் அதற்கும் மேலே 1920 என்றும் இரண்டு ஆண்டுகள் இருந்தால், அது தோற்றுப்போன ஒரு நாட்டின் கதை. போருக்குப் பின்னர், இது அரசின் உடைமை என்று அடையாளமிடப் பொறிக்கப்பட்டதே அந்த இரண்டாவது ஆண்டு.

இத்தகைய ஒன்றை மெருகுச் சக்கரத்தில் பிடித்தால் விளிம்புகள் மழுங்கும். முத்திரைகள் தேய்ந்து மறையும். அடுத்து, கொதிக்கும் உப்புக் கரைசலில் அமிழ்த்திக் கறுப்பாக்குவர். பழைய லூகரின் நீலமெருகு அப்படி வந்ததல்ல. துருவேற்றி, கொதிநீரிலிட்டு, தேய்த்து, மீண்டும் துருவேற்றிப் பொறுமையாகப் பெறப்பட்டது அது. விசை முதலான சில பாகங்களோ சூட்டினால் பெற்ற வைக்கோல் நிறத்தில் இருந்தன. அனைத்தையும் ஒரே தொட்டியில் போடுபவருக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை, தெரிந்தாலும் பொருட்படுத்துவதில்லை.

முன்பே எவரோ மெருகிட்டதைத் திருத்துவதில் என்ன தவறு என்று கேட்பவர்களுண்டு. இரண்டாம் உலகப்போரில் கைப்பற்றிய லூகர்களைச் சோவியத் படையினர் கழற்றி, பாகங்களைக் கலந்து பொருத்தி, கறுப்பு மெருகிட்டுக் களஞ்சியப்படுத்தினர். பலவற்றில் ஒரு பெருக்கல் குறியும் உண்டு. இலக்கங்கள் ஒத்துப்போகாத அந்த அலங்கோலமே அவற்றின் வரலாறு. அதனை நீக்கி 1940 ஆம் ஆண்டின் ஜேர்மன் அதிகாரி ஒருவரின் துப்பாக்கியாக்கிக் காட்டுவது, பத்திரிகைத் தொழிலில் நாங்கள் பொய்ச்செய்தி என்று சொல்வதற்கு ஒப்பானது.

பொறிப்புகளின் பெறுமதி என்னவென்பதற்கு சரயேவோ சான்று. 1914 இல் ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பேர்டினாண்டைக் கொன்றது 1900 ஆம் ஆண்டு மாதிரிப் பிறவுணிங் என்று நூல்கள் பல நெடுங்காலம் எழுதிவந்தன. உண்மையில் அது 1910 ஆம் ஆண்டு மாதிரி. இன்று வியன்னா இராணுவ வரலாற்று அருங்காட்சியகத்திலுள்ள அத்துப்பாக்கியின் இலக்கம் 19074. அந்த ஐந்து எண்களை எவரேனும் அழகுக்காகத் தேய்த்திருந்தால், பொய்யே வரலாறாக நிலைத்திருக்கும்.

ஆயுதத்தை அழகு பார்ப்பதே பாவமல்லவா என்று, துப்பாக்கிகளால் நொந்துபோன நம்மவர் கேட்பது எனக்கும் கேட்கிறது. அந்த வெறுப்பு எனக்கும் உண்டு. ஆனால் யார் கையில் இருந்தது, எந்தப் படையுடன் சென்றது என்பதை அழித்துவிட்ட துப்பாக்கிதான் விளையாட்டுப் பொருளாகிறது. வடுக்களோடிருப்பது அப்படி ஆவதில்லை.

சுடுவதைப் பொறுத்தமட்டில் நான் அத்தனை கடுமையானவனல்லன். தேர்ந்த ஒருவரிடம் பரிசோதித்து, தளர்ந்த சுருள்வில்லுக்குப் புதியதைப் பொருத்தி, பழையதைப் பத்திரப்படுத்தி, மிதமான ரவையால் சுடட்டும். இலக்கம் பொறித்த பாகம் உடைந்தால் மீளாது என்பதை மட்டும் மறக்கவேண்டாம். மவுசர் சி96 வைத்திருப்போர் இன்னும் கவனமாயிருக்க வேண்டும். அதன் 7.63 மில்லிமீற்றர் ரவையும் சோவியத் டொக்கரெவ் ரவையும் அளவில் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் பின்னையது பெரும்பாலும் அழுத்தம் மிக்கது. அதே மவுசரை 1916 இல் ஜேர்மன் இராணுவம் 9 மில்லிமீற்றரில் செய்வித்தபோது, சிப்பாய் ரவை மாறிப் போட்டுவிடாதிருக்க மரப்பிடியில் பெரிய 9 ஒன்றைச் செதுக்கிச் சிவப்புப் பூசினார்கள். அந்த ஒன்பதையும் அரத்தாளால் தேய்த்து வழுவழுப்பாக்கி, எண்ணெய் பூசி விற்கிறார்கள் இந்தப் புனரமைப்பாளர்கள்.