கந்தலில் ஒரு கௌரவம்

கிழிந்த புடவையில் ஒட்டுப் போட்டிருந்தால், அதை வெளியே தெரியாமல் மடித்துச் செருகிக்கொள்வோம். ஜப்பானிலோ ஒட்டுப்போட்ட துணிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ஆசையாகப் பார்க்கிறார்கள், சகோதரிகளே! 'போரோ' என்று பெயர். கந்தல் என்றுதான் அர்த்தம்.

ஜப்பானின் பெரிய தீவுக்கு வடகோடியில் இருக்கிறது அவோமோரி. பனி கொட்டுகிற சீமை. அந்தக் குளிரில் பருத்தி விளையாது. குடியானவர் வீட்டுப் பெண்கள் சணல் மாதிரி ஒரு செடியின் நாரை நூற்று, நெய்து, அவுரி நீலத்தில் தோய்த்து உடுத்தினார்கள். ஆனால் அந்தத் துணியின் இடுக்கு வழியே குளிர்காற்று புகுந்துவிடுமே! ஒசாகா பக்கமிருந்து கப்பலில் வருகிற பழைய பருத்தித் துண்டுகள்தான் அவர்களுக்குப் பொக்கிஷம். ஒட்டின் மேல் ஒட்டு வைத்து, பொடிப்பொடியாக ஓட்டுத் தையல் போடுவார்கள். அந்தத் தையலுக்கு 'சஷிகோ' என்று பெயர். நெருக்கித் தைக்கத் தைக்க இடுக்கு அடைபடும், துணி கதகதப்பாகும், சீக்கிரம் கிழியவும் கிழியாது.

அம்மா போட்ட ஒட்டின் மேல் மகள், அதன் மேல் பேத்தி என்று தலைமுறை தலைமுறையாகத் தைத்தார்கள். அதனால்தான் ஒரே துணியில் கருநீலம், வெளிர்நீலம், சாம்பல்நீலம் என்று எத்தனை நீலம்! அழகுக்காக யாரும் தைக்கவில்லை. பிள்ளை குளிரில் நடுங்கக் கூடாதே என்று தைத்தார்கள். அழகு தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

'போதோகோ' என்று ஒரு விரிப்பு. முன்னோர் உடுத்திய துணிகளை அடுக்கித் தைத்தது. பிரசவத்துக்கு அதைத்தான் விரிப்பார்கள். பிறக்கிற குழந்தையை முதலில் தாங்குவது பாட்டி, முப்பாட்டியின் துணிகள்!

பிறகு வசதி வந்தது, கூடவே வெட்கமும் வந்தது. பலர் ஒளித்து வைத்தார்கள், தூக்கியும் எறிந்தார்கள். தனாகா சூசாபுரோ (1933–2013) என்பவர் வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கிச் சேர்த்தார். அவர் சேர்த்த சஷிகோ உடைகளில் 786-ஐ, 1983-ல் ஜப்பான் அரசு முக்கியமான நாட்டுப்புறப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. இன்று பழைய போரோவுக்கு நல்ல விலை.

ஆனாலும் எனக்கு ஒரு குறை. தைத்தவள் பெயர் பெரும்பாலான துணிகளில் இல்லையே! உங்கள் வீட்டுப் பெட்டியில் பாட்டி கையால் தைத்த விரிப்பு ஏதாவது இருந்தால், யார், எந்தக் குழந்தைக்காகத் தைத்தது என்று ஒரு சீட்டில் எழுதி அதோடு வைத்துவிடுங்கள். நாளைக்கு அதைப் பிரித்துப் பார்க்கிற பேத்தி, கந்தல் என்று ஒதுக்கமாட்டாள்.