ஐந்தாம் ஆண்டில் யார் நிற்கிறார்கள்?

ஒரு வன்கொடுமை நடந்த மறுநாள் நம் ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. பிணவறை வாசலில் கொடிகள் நிற்கின்றன. உடலை வாங்க மாட்டோம் என்று மறியல் நடக்கிறது. தலைவர்கள் வருகிறார்கள், மாலைக்குள் பத்து கண்டன அறிக்கைகள், இரவுக்குள் நூறு ரீல்ஸ். இதை நாங்கள் கேலி செய்யவில்லை. அந்த மறியல் இல்லாவிட்டால் பல ஊர்களில் முதல் தகவல் அறிக்கையே பதிவாகாது. பதிவானாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவுகள் அதில் இருக்காது.

எங்கள் கேள்வி அதற்குப் பிறகானது. அதே வழக்கு ஐந்தாம் ஆண்டில், ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நீதிமன்றத்தில் அழைக்கப்படுகிறது. சாட்சிக் கூண்டில் ஏறப்போகிறவர் ஒரு கூலித் தொழிலாளி. எதிர்த்தரப்பில் வேன் பிடித்து ஆள் வந்திருக்கிறது. அவருக்கு நாளைக்கு வேலை கொடுக்க வேண்டியவரும் அந்த வேனில்தான் வந்திருக்கிறார். இவர் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? பெரும்பாலும் யாருமில்லை. அன்று அவர் 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்று சொல்லிவிட்டு இறங்கினால், பிறழ்சாட்சி என்று நீதிமன்றம் எழுதிக்கொள்கிறது. விலைபோய்விட்டார் என்று நம்மவர்களே பேசுகிறார்கள். நான்கு ஆண்டுகள் அந்தத் தெருப் பக்கமே போகாதவர்களுக்கு அப்படிப் பேச என்ன உரிமை இருக்கிறது?

இயக்க வேலை எது, காட்சி எது என்று பிரித்துப் பார்க்க இளம் தோழர்கள் எங்களிடம் வழி கேட்கிறார்கள். மகாத்தைப் பாருங்கள் என்கிறோம். 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்தில் தண்ணீர் எடுத்தார். அந்த நாளை ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம், சரி. அதற்குப் பிறகு நடந்தது எத்தனை பேருக்குத் தெரியும்? அதே ஆண்டு டிசம்பரில் மீண்டும் குளத்துக்குப் போக ஆயிரக்கணக்கானோர் திரண்டிருந்தார்கள். சாதி இந்துக்கள் உரிமையியல் வழக்குப் போட்டு இடைக்காலத் தடை வாங்கியிருந்தார்கள். மனுஸ்மிருதி கொளுத்தப்பட்டது அந்த டிசம்பரில்தான். குளத்துக்குப் போவதை அம்பேத்கர் தள்ளிவைத்தார், வழக்கை எதிர்கொண்டார். அது பத்தாண்டுகள் நடந்தது. இடையில் சைமன் குழு, வட்டமேசை மாநாடுகள், பூனா ஒப்பந்தம், சுதந்திரத் தொழிலாளர் கட்சி. இத்தனைக்கும் நடுவில் ஒரு சிற்றூர்க் குளத்து வழக்கை அவர் கைவிடவில்லை. தீண்டப்படாதோரை விலக்கிவைப்பது தொன்றுதொட்ட வழக்கம் என்பதை எதிர்த்தரப்பு நிரூபிக்கவில்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1937 மார்ச் 17இல். அந்தத் தேதிக்கு நாம் சுவரொட்டி ஒட்டுவதில்லை.

இங்கே நம் கண்முன் நடந்ததும் உண்டு. 2015 ஜூனில் கோகுல்ராஜ் கொல்லப்பட்டார். முக்கியச் சாட்சி பிறழ்ந்தார். வழக்கு அத்தோடு முடிந்திருக்க வேண்டும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். திருச்செங்கோடு கோயிலின் கண்காணிப்பு கேமராப் பதிவு இருந்தது. அதைவிட முக்கியமாக, விடாத ஒரு தாய் இருந்தார். அரசு வழக்கறிஞரை மாற்றக் கேட்டு, வழக்கை வேறு மாவட்ட நீதிமன்றத்துக்கு மாற்றக் கேட்டு, உயர் நீதிமன்றப் படியேறினார் சித்ரா. வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாறியது. 2022 மார்ச்சில் யுவராஜ் உள்ளிட்ட 10 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. யுவராஜின் ஆயுள் தண்டனையை 2023இல் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது.

தீர்ப்போடும் வேலை முடிவதில்லை. 1997இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனோடு ஏழு பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கின் ஆயுள் கைதிகளில் 13 பேரை 2019இல் அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது, எம்.ஜி.ஆர். நூற்றாண்டைச் சாக்கிட்டு!

'நீதிமன்றமே ஆதிக்கச் சாதியின் கையில்தானே இருக்கிறது, அங்கே போய் என்ன கிழிக்க?' என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். கீழவெண்மணியில் 44 பேரை எரித்த வழக்கில் நிலவுடைமையாளர்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது எங்களுக்கும் தெரியும். ஆனால் இந்தக் கேள்வியைப் புரட்சிகரக் குரலில் கேட்பவர்கள் யாரும் கணவனைப் பறிகொடுத்தவர்கள் இல்லை. பாதிக்கப்பட்ட குடும்பம் கேட்பதெல்லாம் அடுத்த வாய்தா எப்போது என்பதுதான். நாம் வெளியேறினால் அந்த இடம் காலியாக இருக்காது. கட்டப்பஞ்சாயத்துக்காரர் வந்து உட்காருவார். வழக்கை வாபஸ் வாங்க ஒரு தொகை பேசப்படும். அந்தத் தொகைக்குத் தரகு பேச நம் கொடியைக் கட்டியவர்களே சில ஊர்களில் வருகிறார்கள் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சட்டம் பலவற்றைக் கொடுத்திருக்கிறது. குற்றவாளி பிணை கேட்டால் பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் தர வேண்டும், அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. சாட்சிக்குப் பயணச் செலவும், குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத தினப்படியும் தர வேண்டும் என்று விதி சொல்கிறது. கேட்டு வாங்க ஆள் வேண்டும்.

அந்த ஆள் முழுநேர ஊழியராக இருக்க வேண்டியதில்லை. படிப்பைத் தூக்கி எறிந்துவிட்டு வா என்று மேடையில் முழங்குகிறவர்களை நம்பாதீர்கள். அவர்கள் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் முதல் தலைமுறையாகச் சம்பளம் வாங்கும் ஒரு பெண், மாதம் ஒரு நாள் விடுப்புப் போட்டு ஒரு சாட்சியோடு நீதிமன்றத்துக்குப் போய்வந்தால் அதுதான் இயக்க வேலை. சட்டக் கல்லூரி மாணவர் சாட்சியச் சட்டத்தை அரியர் இல்லாமல் முடிப்பதும் இயக்க வேலைதான், ஆர்ப்பாட்டத்துக்கு வர முடியாமல் போனாலும்.

உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். உங்கள் மாவட்டத்தில் கடைசியாக எப்போது கூடியது, எந்தெந்த வழக்கைப் பேசியது, எத்தனை குடும்பங்களுக்குத் தீருதவி நிலுவையில் இருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். 10 ரூபாய் ஆகும். பதில் வந்ததும் அதில் ஒரே ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு அந்தக் குடும்பத்தைப் போய்ப் பாருங்கள். கேமரா வேண்டாம். அடுத்த வாய்தா தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள்.