குடும்பக் கணக்கு: பழைய கார் வாங்க மூன்று நாள்

"மாமா, ஒரு காடி பார்த்திருக்கிறேன். இன்றைக்கே முன்பணம் கட்டாவிட்டால் வேறு ஆள் எடுத்துக்கொண்டு போய்விடுவானாம்."

2022ஆம் ஆண்டு நடுவில், ஒரு சனிக்கிழமை மாலை, என் தங்கை மகன் தொலைபேசியில் இப்படிச் சொன்னான். நான் அப்போது வெளியூரில் இருந்தேன். "திங்கட்கிழமை வரை பொறு தம்பி, நான் வந்து பார்க்கிறேன்" என்றேன். அவன் பொறுக்கவில்லை.

அவனைக் குறை சொல்வதற்கில்லை. அவனுக்கு வேலை பிரிக்பீல்ட்ஸில். கிள்ளானில் அறை எடுத்துத் தங்கி, தினமும் ரயிலில் போய்வருகிறான். தாய் தகப்பன் இருப்பது கேரித்தீவுப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில். தகப்பனாருக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று முறை கிள்ளானுக்கு வந்து இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்ள வேண்டிய நிலை. வாடகைக் காருக்கே பாதிச் சம்பளம் போயிற்று. அந்த வீட்டுக்குக் கார் ஆடம்பரமல்ல. முன்பணத்துக்காக என் தங்கை தன் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தாள்.

வந்த கார் பார்க்க அழகாகத்தான் இருந்தது. புது இருக்கை உறை, புதுத் தரைவிரிப்பு, உள்ளே கமகமவென்று வாசனை. மூன்று மாதம் ஓடியது. பிறகு ஒருநாள் கண்ணாடி இறங்கவில்லை, ஒருநாள் விளக்கு எரியவில்லை. ஒரு விடியற்காலையில், தகப்பனாரை ஏற்றிக்கொண்டு வரும் வழியில், கிள்ளான் - பந்திங் சாலையில் கார் அப்படியே நின்றுவிட்டது. நோயாளி மனிதர் இரண்டு மணி நேரம் சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தார். அன்றைய சிகிச்சை முறை தவறிப் போயிற்று.

பட்டறைக்கு இழுத்துப்போனோம். போர்மேன் தரைவிரிப்பைத் தூக்கினார். அடியில் காய்ந்த சேறு. வயர் முனைகளெல்லாம் பச்சைப் பாசி பிடித்தாற்போல் அரித்திருந்தன. "ஐயா, இது வெள்ளத்தில் குளித்த காடி" என்றார்.

2021 டிசம்பர் 18ஆம் தேதி வாக்கில் சிலாங்கூரில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். ஷா ஆலம் ஸ்ரீ மூடா குடியிருப்பில் மாடி வரைக்கும் தண்ணீர் ஏறியது. கிள்ளானும் உலு லங்காட்டும் தப்பவில்லை. ஆயிரக்கணக்கான கார்கள் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் அந்தக் கார்கள் எல்லாம் காயலான் கடைக்கா போயின? கழுவித் துடைத்து, மறுபடி விற்பனைக்கு வந்தவையும் உண்டு. வெள்ளம் வருஷா வருஷம் எங்காவது வருகிறது. ஆகவே இந்த எச்சரிக்கை ஒரு வருஷத்தோடு முடிந்துபோவதல்ல.

பழைய கார் வாங்குவது தப்பு என்று நான் சொல்லவில்லை. நம்மில் பலருக்கு அதுதான் கட்டுப்படியாகும். ஆனால் ஒரே மாலையில் வாங்காதீர்கள். மூன்று நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள், பார்ப்பதற்கு.

பகல் வெளிச்சத்தில், மழை இல்லாத நேரத்தில் போங்கள். "இஞ்சினைச் சூடாக்கி வைக்காதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆறிக்கிடக்கும் இஞ்சினைக் கிளப்பினால்தான் அதன் குறை வெளியே தெரியும். நீலப் புகை வந்தால் எண்ணெயைக் குடிக்கிறது என்று பொருள். இஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது என்று சந்தேகப்படுங்கள். எண்ணெய் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே தே தாரே நிறத்தில் நுரை இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

வெள்ளக் காரைக் கண்டுபிடிக்க வீட்டுப் பெண்களை அழைத்துப்போங்கள். ஊறிய துணியின் வாடையை அவர்கள் மூக்கு எளிதில் விடாது. வாசனைத் திரவியம் தூக்கலாக இருந்தாலே சந்தேகப்படலாம். இருக்கைப் பட்டையைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். பாதியில் சேற்றுக் கோடு தெரியும். ஸ்பேர் டயரைத் தூக்கி அந்தக் குழியைப் பாருங்கள். இருக்கையின் அடியில் கைவிட்டு ஆணிகளைத் தடவுங்கள். பழைய காரில் தரைவிரிப்பு மட்டும் புத்தம் புதிதாக இருந்தால், "ஏன் மாற்றினீர்கள்?" என்று கேளுங்கள்.

மீட்டர் காட்டும் கிலோமீட்டரை அப்படியே நம்பவேண்டாம். அதைக் குறைத்து வைப்பவர்கள் உண்டு. பிரேக் மிதியின் ரப்பரும் ஸ்டீயரிங்கின் தோலும் தேய்ந்திருக்க, மீட்டர் மட்டும் இளமையாக இருந்தால் எது பொய் சொல்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

இரண்டாம் நாள், போர்மேனுக்கு.

உங்களுக்குத் தெரிந்த போர்மேனைக் கூட்டிப்போங்கள். விற்பவர் காட்டும் போர்மேன் வேண்டாம். அவருக்குக் கொடுக்கும் கூலியை வீண் செலவென்று நினைக்காதீர்கள். "புஸ்பாகோம் சோதனையில் தேறிய காடி" என்று சொல்வார்கள். பெயர் மாற்றத்துக்கும் வாடகைக் கொள்முதலுக்கும் செய்யப்படும் அந்தச் சோதனை அவசியமானதுதான். இஞ்சின் எண், அடித்தள எண் சரிதானா, சாலையில் ஓடத் தகுந்ததா என்று பார்ப்பார்கள். ஆனால் இஞ்சினும் கியரும் இன்னும் எத்தனை நாள் உழைக்கும் என்பதற்கு அது உத்தரவாதம் அல்ல.

அன்றைக்கே அடுத்த செலவுகளையும் போர்மேனிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டயர், பேட்டரி, ஏர்கோன், பெல்ட் எல்லாம் எப்போது மாற்றவேண்டும்? டயரின் வயதை நீங்களே பார்க்கலாம். பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது.

இன்சூரன்ஸிலும் ஒரு மறைவுச் செலவு இருக்கிறது. விபத்துக் கோரிக்கை இல்லாதவருக்குக் கிடைக்கும் கழிவு 25 விழுக்காட்டில் தொடங்கி 55 விழுக்காடு வரை ஏறும். அந்தக் கழிவு காரோடு வராது. அதை விற்பவர் தன்னோடு கொண்டுபோய்விடுவார். புதிதாகக் கார் வைத்திருப்பவர் முழுத் தொகையும் கட்டவேண்டும். வெள்ளச் சேதத்துக்குத் தனியாகப் பணம் கட்டிப் பாதுகாப்பு எடுக்கவேண்டும். சாலை வரியோ சின்னக் காருக்குச் சுமையில்லை. தீபகற்பத்தில் 1000 சிசி வரை வருஷத்துக்கு 20 வெள்ளி, 1300 சிசிக்கு 70, 1500 சிசிக்கு 90 வெள்ளி.

என் கணக்கு இதுதான். கையில் 10,000 வெள்ளி இருந்தால் 8,000 வெள்ளிக் கார் பாருங்கள். மீதி 2,000 முதல் வருஷத்துப் பழுதுக்கு இருக்கட்டும்.

மூன்றாம் நாள், தாளுக்கு.

வட்டி எத்தனை விழுக்காடு என்ற பேச்சில் மயங்காதீர்கள். மாதத் தவணையை மாதங்களால் பெருக்குங்கள். 20,000 வெள்ளிக் கடனுக்கு மாதம் 305 வெள்ளி, 84 மாதம் என்றால் மொத்தம் 25,620 வெள்ளி. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்தால் கணக்குப் போட்டுத் தரும். "பராமரிப்பு", "ஏற்பாடு" என்று தாளில் தனித்தனியாக எழுதியிருந்தால், ஒவ்வொன்றும் எதற்கு என்று கேளுங்கள். வாயால் சொன்ன வாக்குறுதிகளை எழுத்தில் வாங்குங்கள். வெற்றுப் பாரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

விற்பவரின் அடையாள அட்டையும் காரின் பதிவும் ஒரே பெயரில் உள்ளனவா? வங்கிக் கடன் பாக்கி உண்டா? சம்மன் நிலுவை உண்டா? சாலைப் போக்குவரத்து இலாகாவில் உங்கள் பெயர் பதிவாகும் வரை அந்தக் கார் உங்களுடையதல்ல.

இங்கேதான் "சம்போங் பாயார்" என்னும் வலை விரிக்கப்படுகிறது. "கொஞ்சம் பணம் கொடு, மீதித் தவணையை நீ கட்டு, காடி உனக்கு" என்பார்கள். வாடகைக் கொள்முதலில் கடைசித் தவணை வரை கார் வங்கிக்குச் சொந்தம். விற்பதற்கு அவருக்கு உரிமையே இல்லை. நீங்கள் ஐந்து வருஷம் ஒழுங்காகக் கட்டினாலும், இடையில் உள்ளவர் அந்தப் பணத்தை வங்கியில் கட்டாவிட்டால் கார் பறிபோகும். 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம் கடனாளிக்குச் சில பாதுகாப்புகள் தருகிறது. தொடர்ந்து இரண்டு தவணை தவறினால்தான் பறிமுதலுக்கு நோட்டீஸ் விடலாம். அதற்கு 21 நாள் அவகாசம் உண்டு. முக்கால் பங்கு கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு வேண்டும். ஆனால் இதெல்லாம் ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவருக்குத்தான். உங்களுக்கு ஒன்றுமில்லை.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. "பெயர் மட்டும் கொடுங்கள் அம்மா, தவணையை நான் கட்டுகிறேன்" என்று பிள்ளையோ உறவினரோ கேட்பார்கள். பெயர் கொடுத்தால் கடனும் உங்களுடையது. ஜாமீன் போட்டாலும் அப்படியே. இரவு தூங்கி எழுந்து, மறுநாள் பதில் சொல்லுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வியாபாரி ஏமாற்றிவிட்டால் மனம் உடைந்து உட்கார்ந்துவிடாதீர்கள். மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரை வழக்குக் கொண்டுவரலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான். வழக்கறிஞர் தேவையில்லை. ரசீதும் எழுத்து மூலமான வாக்குறுதியும் கையில் இருந்தால் உங்கள் பக்கம் வலுவாகும். ஆனால் அங்கே வியாபாரியின் மீதுதான் வழக்குப் போடலாம். தனியாளிடம் வாங்கியவருக்கு அந்த வழி இல்லை.

என் தங்கை மகனிடம் எழுத்தில் ஒன்றுமே இல்லை. "நீதானே பார்த்து வாங்கினாய்" என்று விற்றவர் கையை விரித்துவிட்டார். வயரிங் மாற்றப் பெரும் பணம் செலவானது. தவணையும் நிற்கவில்லை. கார் வெள்ளத்தில் மூழ்கியது. என் தங்கையின் சங்கிலி அடகில் மூழ்கியது.

இப்போது அவன் தன் நண்பர்களுக்குச் சொல்லும் அறிவுரை ஒன்றே: "இன்றைக்கே எடு என்று எவன் அவசரப்படுத்துகிறானோ, அவனிடம் நாளைக்கும் போகாதே."

விலை குறைந்த கார் இன்னொன்று நாளைக்கும் வரும். பொறுத்திருந்து வாங்குங்கள்.