முகம் மாறிய முயல்

வீடியோ விளையாட்டு வாங்கக் கடைக்குச் செல்லும் பிள்ளைகள் முதலில் காண்பது பெட்டியின் மேலட்டையில் இருக்கும் முகத்தைத்தான். தொலைக்காட்சியில் பழகிய முகமாக இருந்துவிட்டால் போதும். வேறு விசாரணை கிடையாது. பணம் கொடுக்கும் பெற்றோரும் அம்முகத்தை நம்பியே கொடுக்கின்றனர். அந்நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும்? ஒரு பழைய விளையாட்டின் கதையைக் கேளுங்கள்.

ஜப்பானைச் சேர்ந்த கெம்கோ நிறுவனத்தின் ‘பக்ஸ் பன்னி கிரேஸி காசில்’ 1989-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நின்டெண்டோ இயந்திரத்துக்கான கார்ட்ரிட்ஜாக வெளிவந்தது. கோட்டைக்குள் அகப்பட்ட ஹனி பன்னியை மீட்க வேண்டும். அதற்கு 60 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் சிதறிக் கிடக்கும் கேரட்டுகளை எல்லாம் திரட்டினால்தான் அடுத்த கட்டம். சில்வெஸ்டர் பூனையும் டாஃபி வாத்தும் யோசமிட்டி சாமும் குறுக்கே உலவுவர். தொட்டால் ஓர் உயிர் போயிற்று.

இவ்வகை விளையாட்டுகளில் நாயகன் தாவிக் குதிப்பதே வழக்கம். இங்கோ முயலுக்குக் குதிக்கவே தெரியாது! (முயலைப் படைத்துவிட்டு அதைக் குதிக்க விடாதவரின் துணிவை என்னென்பது!) மேலே ஏறப் படிகளையும் கதவுகளையும் தேட வேண்டும், கீழே வர விளிம்பிலிருந்து விழலாம். அவசரப்பட்டு விழுந்தால் பழைய இடத்துக்கு நெடுந்தூரம் சுற்றித்தான் வர வேண்டும். எதிரியை வீழ்த்தக் குத்துச்சண்டைக் கையுறை உண்டு. தலைமேல் தள்ளிவிடப் பெட்டிகளும் உண்டு. ஒருமுறை பயன்படுத்தினால் தீர்ந்தது. ஆகவே எதை எப்போது செலவிடுவது, எந்த வழியே முதலில் செல்வது என்று சிந்திப்பவரே வெல்வார். விரல் வேகத்தைவிட நிதானத்துக்கு மதிப்பளித்த விளையாட்டு என்ற முறையில் இதனை நான் மெச்சுகிறேன்.

ஆனால், இது முதலில் பக்ஸ் பன்னியின் விளையாட்டே அன்று. அதே 1989-இல் ஜப்பானில் இது வட்டு வடிவில் வந்தபோது நாயகன் ‘ரோஜர் ராபிட்’. திரட்ட வேண்டியவை இதயங்கள். அங்கேயே கேம் பாய் என்னும் கையடக்கக் கருவிக்கு வந்தபோது நாயகன் மிக்கி மவுஸ். அமெரிக்காவிலோ ரோஜர் ராபிட்டை வைத்து எல்.ஜே.என். நிறுவனமும், டிஸ்னி பாத்திரங்களை வைத்துக் கேப்காம் நிறுவனமும் விளையாட்டுகளை வெளியிட்டு வந்தன. கெம்கோ வேறு முகம் தேட வேண்டியதாயிற்று. வார்னர் நிறுவனத்தின் முயல் வந்து சேர்ந்தது. கோட்டையின் அமைப்பு பெரும்பாலும் அதேதான். சுவரும் படியும் அப்படியே நிற்க, குடியிருப்பவர் மட்டும் மாறினார்.

இவ்வழக்கம் தொடர்ந்தது. 1991-இல் ஜப்பானில் வந்த ‘மிக்கி மவுஸ் 2’ அமெரிக்காவில் மீண்டும் பக்ஸ் பன்னியாயிற்று. ஐரோப்பாவில் அது மிக்கியின் பெயரிலும் விற்றது. டென்மார்க் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற ஹியூகோவின் பெயரிலும் விற்றது. அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என இரண்டையும் வாங்கிய வீட்டில், பிள்ளைகள் இரண்டாவதைத் திறந்ததும் என்ன நினைத்திருப்பார்கள்! நான்காம் மிக்கி விளையாட்டோ அமெரிக்காவில் பேய் பிடிப்போர் கூட்டமாகவும், ஐரோப்பாவில் கார்ஃபீல்ட் பூனையாகவும் உருமாறிற்று.

1992-இல் வந்த மூன்றாம் மிக்கி விளையாட்டை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றபோது மட்டும் கெம்கோ எவரிடமும் முகத்தை இரவல் கேட்கவில்லை. ‘கிட் கிளவுன்’ என்ற கோமாளியைத் தானே வரைந்து உள்ளே நிறுத்தியது. 1994-இல் அக்கோமாளிக்கெனத் தனியே ஒரு விளையாட்டும் வந்தது.