சாம்பார் ஏன் இளைக்குது?

அஞ்சு ரூபா பிஸ்கட் பாக்கெட்டைக் கவனிச்சிருக்கீங்களா? நாம ஸ்கூல் படிச்சப்பவும் அஞ்சு ரூபா, இப்பவும் அஞ்சு ரூபா. விலை ஏறவே இல்லைன்னு சந்தோஷப்படறதுக்கு முன்னாடி பாக்கெட்டைத் திருப்பி எடையைப் பாருங்க. விலை அப்படியே நிக்குது, பிஸ்கட்தான் இளைச்சுப்போச்சு.

ஹாஸ்டல் மெஸ் சாப்பாடும் அந்த பிஸ்கட் பாக்கெட் மாதிரிதான். ஒரே வித்தியாசம், தட்டுக்குப் பின்னாடி எடை அச்சடிச்சிருக்காது.

விலைவாசி பத்திப் பேசும்போது எல்லாரும் வீட்டை மனசுல வெச்சுத்தான் பேசறாங்க. அம்மா சந்தையில கத்திரிக்காய் விலையைக் கேட்டுட்டு அடுத்த கடைக்கு நகர்றாங்க. அப்பா மாசச் சாமான் லிஸ்ட்ல ரெண்டு அயிட்டத்தை அடிக்கிறார். வீட்டுல விலை ஏறினா அது தெரிஞ்சு ஏறுது. எதைக் குறைக்கறதுன்னு அந்த வீட்டுக்காரங்களே முடிவு பண்றாங்க. ஆனா ஸ்ரீபெரும்புதூர்லேர்ந்து ஒரகடம் வரைக்கும் இந்த ரோட்டோரம் தங்கியிருக்கற ஆயிரக்கணக்கான பேர் மூணு வேளையும் பெரிய அண்டாவுல வெந்ததைச் சாப்பிடறவங்க. காலேஜ் ஹாஸ்டல்ல நாம. கம்பெனி ஹாஸ்டல்ல நம்ம வயசு அக்காக்களும் அண்ணன்களும். நமக்கு விலைவாசி விலையா வந்து சேர்றதில்ல. தண்ணியா வந்து சேருது.

அதனால நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். "சாப்பாடு நல்லா இல்ல"ன்னு புகார் சொல்றதை நிறுத்திட்டு, "எத்தனை கிராம்?"னு கேட்க ஆரம்பிக்கணும்.

ஏன்னு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். இது கற்பனைக் கணக்குதான், ஆனா எந்த மெஸ்ஸுக்கும் பொருந்தும். ஆயிரம் பேர் சாப்பிடற மெஸ். ஒரு நாளைக்கு ஒரு தட்டுக்கு 25 கிராம் துவரம்பருப்பு. மொத்தம் 25 கிலோ. பருப்பு கிலோ 130 ரூபாயா இருக்கும்போது ஒரு நாள் செலவு 3,250 ரூபாய். விலை 170-க்குப் போனா 4,250. மாசத்துக்கு 30,000 ரூபாய் கூடுதல், பருப்புல மட்டும். கான்ட்ராக்ட்ல "ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு"ன்னு வருஷ ஆரம்பத்துலயே எழுதிக் கையெழுத்தாயிடுச்சு. இப்ப கான்ட்ராக்டருக்கு மூணு வழி இருக்கு. ஒண்ணு, நஷ்டத்தைத் தானே தாங்கறது. ரெண்டு, நிர்வாகத்துக்கிட்ட போய் ரேட்டை ஏத்திக் கேட்கறது. மூணு, 25 கிராமை 19 கிராமாக்கறது. 19 கிலோவை 170-ஆல பெருக்குங்க: 3,230. கணக்கு நேராயிடுச்சு. முதல் வழிக்குக் கைக்காசு வேணும், ரெண்டாவது வழிக்கு அனுமதி வேணும். மூணாவது வழிக்கு ஒரு குடம் தண்ணி போதும். ஆறு கிராம் குறைஞ்சதை எந்த நாக்கு கண்டுபிடிக்கும்?

பரிமாறற அண்ணனையோ மாஸ்டரையோ திட்டிப் பிரயோஜனம் இல்ல. அவங்க சம்பளத்துக்கு வேலை பார்க்கறவங்க. ஸ்டோர் ரூம்ல எவ்வளவு அளந்து கொடுக்கறாங்களோ அதைத்தான் அவங்க அண்டாவுல போட முடியும்.

இப்ப நிஜ விலைக்கு வருவோம். 2023 ஜூலையில தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டினப்ப, தமிழ்நாடு அரசு சென்னையில ரேஷன் கடை வழியா கிலோ 60 ரூபாய்க்கு வித்துச்சு. கார்டும் அடுப்பும் இருக்கற வீட்டுக்கு அது கொஞ்சம் உதவி. மெஸ்ல சாப்பிடறவங்களுக்கு? ரசத்துல தக்காளி போய்ப் புளி மட்டும் மிஞ்சும். அடுத்த வருஷம் 2024 அக்டோபர்ல நாட்டோட சில்லறை உணவுப் பணவீக்கம் 10.87 சதவீதம், காய்கறி மட்டும் தனியாப் பார்த்தா முந்தைய வருஷ அக்டோபரை விட 42 சதவீதம் அதிகம். பொரியல் இருந்த இடத்துல ஊறுகாய் வர்றதுக்குக் காரணம் இந்த மாதிரி மாசங்கள்தான்.

சரி, ஏறும்போது குறைக்கறது நியாயம்னே வெச்சுப்போம். இறங்கும்போது? 2025 ஜூலையில அதே உணவுப் பணவீக்கம் மைனஸ் 1.76 சதவீதம். பருப்பு வகைகள் முந்தைய வருஷத்தை விட சுமார் 14 சதவீதம் குறைவு. காய்கறி சுமார் 21 சதவீதம் குறைவு. அந்த மாசம் எந்த மெஸ்லயாவது "பருப்பு விலை இறங்கிடுச்சு, இந்த மாசம் சாம்பார் கெட்டியா இருக்கும்"னு போர்டு வெச்சாங்களா? இளைச்ச சாம்பார் மறுபடி உடம்பு தேறினதை நீங்க பார்த்திருந்தா எனக்கும் சொல்லுங்க.

கான்ட்ராக்டர் தரப்புலயும் ஒரு நியாயம் இருக்கு, அதையும் சொல்லணும். அதே 2025 ஜூலையில எண்ணெய் விலை சுமார் 19 சதவீதம் அதிகம். நம்ம நாட்டுக்கு வேண்டிய சமையல் எண்ணெயில பாதிக்கு மேல வெளிநாட்டுலேர்ந்துதான் வருது. 2022-ல உக்ரைன்ல போர் வந்ததும் சூரியகாந்தி எண்ணெய் முடங்குச்சு. அந்த வருஷம் ஏப்ரல் கடைசியில இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரங்களுக்கு நிறுத்திடுச்சு. அதோட அடி நம்ம பூரி வரைக்கும் விழும். கேஸும் அப்படித்தான். வீட்டு சிலிண்டருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், மெஸ்ல எரியற 19 கிலோ வணிக சிலிண்டருக்கு 18 சதவீதம். அதனால "எல்லாம் ஏறிடுச்சு"ன்னு அவர் சொல்றதும் முழுப் பொய் இல்ல, "எல்லாம் இறங்கிடுச்சே"ன்னு நாம சொல்றதும் முழு உண்மை இல்ல. ஒவ்வொரு பொருளும் எவ்வளவு வாங்கினாங்க, என்ன விலைக்கு வாங்கினாங்கன்னு கணக்கு வெளியில இருந்தாத்தான் இந்தச் சண்டை தீரும். இப்ப அந்தக் கணக்கு ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் தெரியுது.

கணக்கு கேட்க வழியில்லாத இடத்துல நிலைமை எவ்வளவு தூரம் போகும்ங்கறதுக்கு நாம தூரமாப் போய்த் தேட வேண்டாம். 2021 டிசம்பர். சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில வேலை பார்த்த பெண்கள் பூந்தமல்லிப் பக்கத்துல ஒரு ஹாஸ்டல்ல தங்கியிருந்தாங்க. அங்க சாப்பிட்ட சாப்பாடு ஒத்துக்காம 159 பேரை மருத்துவமனையில சேர்த்தாங்க. ஆய்வுக்குப் போன அதிகாரிகள் எலிகளையும் மோசமான வடிகாலையும் பார்த்துட்டு அந்த ஹாஸ்டல் சமையலறையை மூடினாங்க. டிசம்பர் 17 ராத்திரி பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில உட்கார்ந்தாங்க. ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12-லேர்ந்துதான் படிப்படியாத் திறந்தது. சில தங்குமிடங்களும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்களோட தரத்துக்கு இல்லைன்னு ஆப்பிள் நிறுவனமே ஒத்துக்கிட்டு, ஆலையைக் கண்காணிப்புல வெச்சது.

அதுக்கு விலைவாசிதான் காரணம்னு நான் சொல்லல. நான் கவனிக்கச் சொல்றது வேற ஒண்ணு. 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தோட 46-ஆவது பிரிவு, 250 பேருக்கு மேல வேலை செய்யற ஆலைகள்ல கேன்டீன் வைக்கச் சொல்ல அரசுக்கு அதிகாரம் கொடுத்துச்சு. அதோட நிக்கல. என்ன உணவு, என்ன விலை, கேன்டீனை நடத்தற கமிட்டியில தொழிலாளர்களுக்கு இடம், எந்தச் செலவைச் சாப்பாட்டு விலையில சேர்க்கக் கூடாது, இதுக்கெல்லாம் விதி வகுக்கலாம்னு சொல்லுச்சு. எழுபது வருஷத்துக்கு முன்னாடியே "சாப்பிடறவனுக்கும் ஒரு நாற்காலி வேணும்"னு யோசிச்சிருக்காங்க. ஆனா அந்த நாற்காலி கேட்டுக்கு உள்ளேதான். ஷிஃப்ட் முடிஞ்சு பஸ் ஏறி ஹாஸ்டலுக்குப் போனா அங்க இருந்தது கான்ட்ராக்ட் மட்டும்தான். 2021-ல பிரச்சினை வெடிச்சதும் அந்த இடத்துலதான்.

அதுக்கப்புறம் மாற்றம் வந்திருக்கு, அதை மறைக்கக் கூடாது. 2024 ஆகஸ்ட் 17-ல வல்லம் வடகால்ல 706.50 கோடி ரூபாய்ல 18,720 பெண்கள் தங்கற குடியிருப்பு திறக்கப்பட்டது. தரையில பாய் விரிச்சு நெருக்கியடிச்சுப் படுத்த நிலைமைக்கு அது பெரிய பதில். கட்டடத்துக்கு எத்தனை மாடி, எத்தனை கட்டில், எத்தனை கோடின்னு எல்லாமே பொதுவுல இருக்கு. அதே மாதிரி தட்டுக்கும் கணக்கு பொதுவுல இருக்கணும்னு கேட்கறது பேராசை இல்ல. அந்த ஹாஸ்டல்னு இல்ல, நம்ம ஹாஸ்டல் உட்பட எல்லா ஹாஸ்டலுக்கும்.

"பிடிக்கலைன்னா ஆன்லைன்ல ஆர்டர் பண்ணிக்க வேண்டியதுதானே?" இதை நம்மள்ல பல பேர் சொல்லாமலே செஞ்சிட்டு இருக்கோம். ஆனா நடக்கறது என்ன? கையில காசு இருக்கறவன் மெஸ்ஸை விட்டு வெளியேறிடறான். கத்திப் பேசக்கூடிய குரலும் அவனோடவே வெளியேறிடுது. மிச்சம் இருக்கறவன் கல்விக் கடன்ல படிக்கறவன், முதல் தலைமுறைப் பட்டதாரி. அவன் வாயைத் திறக்க யோசிப்பான். ஆளுக்கு ஒரு பிரியாணி வாங்கறதால அண்டாவுல இருக்கற சாம்பார் கெட்டியாகாது.

"ரூம் எடுத்துச் சமைச்சுக்கோ"ன்னு இன்னொரு யோசனை. மாத்தூர், படப்பை பக்கம் ரூம் எடுத்திருக்கற நண்பர்களைக் கேளுங்க. வீட்டு ரேஷன் கார்டு திருவண்ணாமலையிலோ விழுப்புரத்திலோ இருக்கும். 2020 அக்டோபர்லேர்ந்து கார்டை வெச்சு வேற ஊர்க் கடையிலயும் வாங்கலாம், உண்மைதான். ஆனா இருக்கறது ஒரு கார்டு, அந்த விலையில்லா அரிசியும் 30 ரூபாய் துவரம்பருப்பும் ஊர்ல அம்மா அப்பாவுக்கே வேணுமே. அப்புறம் கடையில கால் லிட்டர் எண்ணெயா, கால் கிலோ பருப்பாத்தான் வாங்க முடியும். சின்னப் பாக்கெட்ல கிராமுக்குக் கணக்குப் பார்த்தா பெரும்பாலும் விலை அதிகமாத்தான் இருக்கும். இப்ப பாக்கெட் மேலயே ஒரு கிராமுக்கு, ஒரு மில்லிக்கு எவ்வளவுன்னு அச்சடிக்கணும்ங்கற விதி இருக்கு. நாலு பேர் சேர்ந்து அதைப் பார்த்துப் பெரிய பாக்கெட்டா வாங்கினா மாசம் கொஞ்சம் மிச்சமாகும். செய்யுங்க. ஆனா அது ரூம்ல இருக்கற நாலு பேருக்கான வழி. ஹாஸ்டல்ல இருக்கற ஆயிரம் பேருக்கு வழி வேற.

அந்த வழி என்ன? தமிழ்நாட்டுக்கு அது புதுசு இல்ல. 1967 தேர்தல்ல அரிசிப் பஞ்சத்துக்கு நடுவுல தி.மு.க. வெச்ச வாக்குறுதி "ரூபாய்க்கு மூணு படி". அந்த வாக்குறுதி எவ்வளவு நிறைவேறுச்சுங்கறது தனி விவாதம். ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலயும் கோவையிலயும் ரூபாய்க்கு ஒரு படிதான் தொடங்க முடிஞ்சது. ஆனா அந்தச் சொற்களைக் கவனிங்க. "விலையைக் குறைப்போம்"னு மொட்டையா இல்ல. ரூபாயும் இருக்கு, படியும் இருக்கு. விலையும் அளவும் ஒரே வாக்கியத்துல கட்டிப் போட்டிருக்கு. அதனாலதான் மக்களால பின்னாடி கணக்கு கேட்க முடிஞ்சது.

இன்னிக்கும் அந்தப் பழக்கம் இருக்கு. 2022-ல தொடங்கின முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்துல ஒரு குழந்தைக்கு 50 கிராம் அரிசியோ ரவையோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்புன்னு எழுதியே வெச்சிருக்காங்க. ஒண்ணாம் வகுப்புக் குழந்தையோட தட்டுக்கு ஸ்பெசிஃபிகேஷன் இருக்கு. நட்டு போல்ட்டுக்கே டாலரன்ஸ் போட்டுப் பழகின நம்ம தட்டுக்கு மட்டும் இல்ல.

அதனால மெஸ் கமிட்டி மீட்டிங்ல நாலு விஷயம் கேட்போம். முதல்ல, பருப்பு, எண்ணெய், காய்கறி, முட்டை ஒரு ஆளுக்கு எத்தனை கிராம்னு கான்ட்ராக்ட்லயே எழுதணும், மெனு போர்டுக்குப் பக்கத்துல ஒட்டணும். ஒப்பிட்டுப் பார்க்க அளவு வேணும்னா ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல சொன்னது இருக்கு: 2,000 கலோரி சாப்பிடற ஒருத்தருக்கு ஒரு நாளைக்குப் பருப்பு, முட்டை, மாமிசம் சேர்த்து 85 கிராம், காய்கறி 400 கிராம். ரெண்டாவது, மாசாமாசம் எந்தப் பொருள் என்ன விலைக்கு வாங்கினாங்கன்னு ஒரு தாள். மூணாவது, விலை ஒரு அளவுக்கு மேல ஏறினா ஃபீஸ் கொஞ்சம் ஏறலாம், இறங்கினா ஃபீஸோ சாப்பாடோ நம்ம பக்கம் திரும்பணும். ரெண்டு பக்கமும் ஓடற விதியா இருக்கணும். நாலாவது, ஸ்டோர் ரூம்ல அளந்து கொடுக்கும்போது கூட நிக்க முறை வெச்சு ரெண்டு மாணவர்கள். உரிமத்துல இருக்கற 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் எல்லார் கண்ணுக்கும் படற மாதிரி மாட்டியிருக்கான்னும் ஒரு பார்வை.

மூணாவதைப் படிச்சதும் "ஃபீஸ் ஏறலாம்னு நீயே சொல்றியா?"ன்னு கோபம் வரும். ஆமா, சொல்றேன். ஃபீஸ் ஏறினா அது நம்ம கண்ணுக்குத் தெரியும், எதிர்த்துக் கேட்கலாம், கஷ்டப்படற நண்பனுக்கு உதவித்தொகை கேட்கலாம். தண்ணி ஏறினா எதையும் கேட்க முடியாது.

இது நம்ம ஹாஸ்டலோட முடியற விஷயம் இல்லைங்கறதும் ஞாபகம் இருக்கட்டும். இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல நம்மள்ல நிறைய பேர் இதே ரோட்டுல இருக்கற ஆலைகளுக்குள்ள ஐ.டி. கார்டு மாட்டிக்கிட்டுப் போவோம். சிலர் ஹெச்.ஆர்., அட்மின் பக்கம் உட்கார்ந்து ஹாஸ்டல் கான்ட்ராக்டையும் கேட்டரிங் பில்லையும் பாஸ் பண்ற இடத்துலயும் இருப்போம். அப்ப "ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு ரூபாய்"ங்கற வரி மட்டும் இருக்கற தாள் மேசைக்கு வரும். அன்னிக்கு "எத்தனை கிராம்?"னு கேட்கற பழக்கம் நமக்கு இருக்கணும்னா, அதை இங்கேயே தொடங்கணும். இந்த மாச மெஸ் கமிட்டி மீட்டிங்குக்கு வரும்போது லேப்ல கேட்டு ஒரு தராசு எடுத்துட்டு வாங்க.