அணை மட்டம் மட்டுமல்ல, வயல் மட்டமும் பார்க்க வேண்டும்

கார் சாகுபடி நெருங்கும்போது தாமிரபரணிப் பாசன விவசாயிகள் முதலில் விசாரிப்பது பாபநாசம் அணையின் நீர்மட்டத்தைத்தான். அது அவசியமே. ஆனால் தம் வயலின் மட்டத்தை அதே அக்கறையுடன் பார்ப்போர் குறைவு. மடை வழியே வந்த தண்ணீர் மேட்டில் ஏறாமல் பள்ளத்தில் தேங்கினால், குறை அணையில் இல்லை, வரப்புக்குள்ளேயே இருக்கிறது.

கணக்கு எளியது. ஒரு சென்ட் நிலத்தில் ஓர் அங்குலம் தண்ணீர் நிற்க ஏறத்தாழ 1,000 லிட்டர் வேண்டும். ஏக்கருக்கு 1 லட்சம் லிட்டர். நெல்லுக்கு இரண்டு அங்குலத் தண்ணீர் போதும். ஆனால் வயலின் ஒரு மூலை மூன்று அங்குலம் மேடாக இருந்தால், அதை நனைக்க மற்ற இடம் முழுவதிலும் மூன்று அங்குலம் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கிறது. சில சென்ட் மேட்டுக்காக ஏக்கருக்கு 3 லட்சம் லிட்டர் வரை செலவாகிறது. 8 அணைக்கட்டுகள், 11 கால்வாய்கள் மூலம் சுமார் 86,000 ஏக்கர் பாயும் ஆறு இது. மேல்மடையில் இப்படித் தேக்கும் தண்ணீர், பற்றாக்குறை நாட்களில் ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக் கடைமடைக்குப் பிந்தியே போய்ச் சேரும்.

நஷ்டம் தண்ணீரோடு நிற்பதில்லை. பள்ளத்தில் விழுந்த விதை மூழ்கி அழுகுகிறது. மேட்டில் பயிரை முந்திக்கொண்டு களை எழும்புகிறது. களைக்கொல்லியும் சீரான நீர் இல்லாத இடத்தில் சரியாக வேலை செய்வதில்லை. யூரியா கரைந்து பள்ளத்தில் சேர, அங்கே பயிர் கொழுத்துச் சாய்கிறது. மேட்டுப் பயிர் வெளிறி நிற்கிறது. வெறுமையான இடங்களில் மறுபடி விதைப்பதும் நாற்று நட்டு நிரப்புவதும் வழக்கம். மட்டம் சரியாகாதவரை அந்த விதையும் கூலியும் பெரும்பாலும் வீண்தான். அடுத்த போகத்திலும் அதே இடம்தான் வெறுமையாகும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை எவரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. ஆற்றை ஒட்டிய பல வயல்களில் வெள்ளம் மணலைக் குவித்தது. வெள்ளம் தொடாத வயல்களிலும் அறுவடை இயந்திரத்தின் தடங்கள் ஆண்டுதோறும் குழி பறிக்கின்றன. தொழி உழவின்போது ஒருமுறை பரம்படிப்பது இவற்றையெல்லாம் சரிசெய்யப் போதாது.

பிசானம் அறுத்தபின் வரும் கோடையே இந்த வேலைக்கு ஏற்ற காலம். கடைசித் தண்ணீர் வயலில் நிற்கும்போதே மேடுகளில் கம்பு நட்டு அடையாளம் வைத்துக்கொள்ளலாம். காய்ந்த பிறகு, கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயே அளவு பார்க்கப் போதுமானது. வெள்ளம் விட்டுச்சென்ற பருமணல் கனமாக இருந்தால் அதை அகற்ற வேண்டும். மெல்லிய வண்டலை உழுது கலந்துவிடலாம். மேட்டை ஆழமாக வெட்ட நேர்ந்தால் மேல்மண்ணைத் தனியே ஒதுக்கி வைத்து, அடிமண்ணை நிரவிய பின் மேலே பரப்ப வேண்டும். வெட்டிய இடத்தில் தொழு உரம் கூடுதலாக இட வேண்டும். ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவது நல்லது. நடவின்போது ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் இடுவதும் பயிர் வெளிறாமல் காக்கும்.

லேசர் ஒளியால் மட்டம் பார்த்து மண்ணை நிரவும் கருவி இன்று வந்திருக்கிறது. வேலை நேர்த்தியானது; ஆனால் பத்து இருபது சென்ட் துண்டு வயலில் டிராக்டர் திரும்பவே இடம் போதாது. தமக்குச் சொந்தமான அடுத்தடுத்த துண்டுகளுக்கிடையே உள்ள வரப்பை எடுத்துவிடுவதும், அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஒரே நேரத்தில் கருவியை வரவழைப்பதும் செலவைக் குறைக்கும். வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்கு விடும் இயந்திரங்களையும் கேட்டுப் பார்க்கலாம்.

இவ்வளவும் தெரிந்தும் பலர் செய்யாமலிருப்பதை அறியாமை என்று சொல்லிவிட முடியாது. இப்பகுதியில் உழுவோரில் பலர் குத்தகைதாரர்கள். வாய்மொழிக் குத்தகையில் அடுத்த ஆண்டு வயல் கையில் இருக்குமா என்ற உறுதி இல்லாதவர், பல ஆண்டுப் பலன் தரும் வேலைக்குக் கடன் வாங்கிச் செலவழிப்பாரா? மட்டமான வயலால் நிலத்தின் மதிப்பும் உயர்கிறது. ஆகவே, தனியார் நிலமானாலும் கோயில், மடத்து நிலமானாலும், மட்டப்படுத்தும் செலவில் நிலம் உடையவர் பங்கேற்க வேண்டும், அல்லது அந்த அளவுக்குக் குத்தகையில் கழித்துக்கொள்ள வேண்டும். கார் தண்ணீர் திறப்பதற்கு முன்பே அந்தப் பேச்சு முடிந்தால்தான் கோடையில் வேலை நடக்கும்.