மனசு வைத்தால் போதுமாம்!

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் பேட்டை நூலகத்தின் மாடியில் நடைபெற்ற மதுவொழிப்புக் கூட்டமொன்றில், சால்வை போர்த்தப்பெற்று, மாலை சூட்டப்பெற்று, தலைவரால் மூன்று தடவை 'பண்பாளர்' என்று விளிக்கப்பெற்ற ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், ஒலிபெருக்கியை இரு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டு, "குடியை விட மருந்தும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம், மனசு வைத்தால் போதும், நான் சிகரெட்டை ஒரே நாளில் தூக்கி எறிந்தவன்" என்று முழங்கினார். கரகோஷம் அடங்க வெகுநேரமாயிற்று. இந்த உபதேசத்தை நம் ஊர்க் கல்யாணப் பந்தியிலும், துஷ்டி வீட்டுத் திண்ணையிலும், பஸ் நிறுத்தத்திலும் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன எனக்கு, அன்று அதற்கு ஒலிபெருக்கி வேறு வைத்துக் கொடுத்திருந்தது பொறுக்கவில்லை.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் நாலைந்து பேர் அந்தப் பேச்சைக் கேட்டுத் தலையாட்டினார்கள். அவர்களில் இருவருடைய புருஷர்களை எனக்குத் தெரியும். மனசு வைத்தால் போதும் என்பது மெய்யானால், புருஷன் மனசு வைக்கவில்லை என்பதும், கட்டியவள்மீதும் பெற்ற பிள்ளைகள்மீதும் அவனுக்கு அவ்வளவு பிரியம் இல்லை என்பதும் தாமாகவே பின்தொடர்கின்றன அல்லவா? அந்தப் பெண்கள் கூட்டத்திலிருந்து வீட்டுக்குச் சுமந்து சென்ற பிரசாதம் இதுதான். தேநீரும் பிஸ்கோத்தும் கொடுத்தார்கள், அது தனி.

மனசு வைத்தவர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் பின்தெருவில் ஒரு கொத்தனார் இருக்கிறார், கைத்தொழிலில் சூரர், சுவரில் அவர் மட்டப்பலகை ஓட்டிய இடத்தில் எறும்பு வழுக்கி விழும் என்பார்கள். பதினைந்து வருஷமாகத் தினசரி குடித்தவர். பிற்காலத்தில், விடிந்ததும் கை நடுக்கம் தீர ஒரு கட்டிங் உள்ளே போகாமல் கரண்டியைப் பிடிக்க இயலாதவராகிவிட்டார். மூத்த மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கி வந்த வெள்ளிக்கிழமையன்று, அவள் தலையில் கை வைத்து, இனி தொடுவதில்லை என்று சத்தியம் செய்தார். தொடவும் இல்லை. சனிக்கிழமை முழுதும் வியர்த்துக் கொட்டியது, சோறு இறங்கவில்லை, இரவு பொட்டுத் தூக்கம் கிடையாது, அப்படியும் தொடவில்லை. ஞாயிறு விடியற்காலை கை கால் இழுத்து வலிப்பு வந்தது. அன்று இரவு, பாயில் பூரான் ஊர்கிறது என்று உதறினார். இறந்துபோன தம்பியோடு உரக்கப் பேசினார். பிறகு எழுந்து போய், வெறும் உள்ளங்கையால் வீட்டுச் சுவருக்குப் பூச்சு வேலை செய்யத் தொடங்கினார். கலவை அள்ளுகிறார், அறைகிறார், தேய்க்கிறார், ஒற்றைக் கண்ணை மூடி மட்டம் பார்க்கிறார், சித்தாளை ஏசுகிறார். கலவையும் இல்லை, சித்தாளும் இல்லை.

பேய் பிடித்துவிட்டது என்று முதலில் கோயில் வாசலுக்குக் கொண்டுபோய்த் திருநீறு போட்டார்கள். அடுத்தபடியாக ஒரு தனியார் கிளினிக்கில் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினார்கள். நாட்பட்ட குடியால் தயமின் என்னும் சத்து வற்றிப்போன ஒருவனுக்கு அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றுவது மூளைக்குப் புதிய கேட்டை விளைவிக்கக்கூடும் என்பது அங்கே யாருக்கும் நினைவில்லை போலும். மூன்றாவதாகப் போய்ச் சேர்ந்த அரசு மருத்துவமனையில்தான், அன்றிரவுப் பணியிலிருந்த இளம் டாக்டரம்மா, அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வியைக் கேட்டார்: "கடைசியா எப்பம்மா குடிச்சாரு?" கொத்தனாரின் மனைவி, அந்த நிலையிலும் சற்றே பெருமிதத்தோடு, "வெள்ளிக்கிழமையோட விட்டுட்டாருங்கம்மா, ஒரு சொட்டு தொடலை" என்றாள். டாக்டரம்மா அடுத்த கேள்வி கேட்கவில்லை; நர்ஸை உரக்கக் கூப்பிட்டார். துணியால் கட்டிலோடு கட்டி, லோரஸிபாம் ஊசியும் தயமின் ஊசியும் மாற்றி மாற்றிப் போட்டு, ஐந்தாம் நாள் அவர் இன்று என்ன கிழமை என்று கேட்கும்வரை, அந்த மனிதர் நூலில்தான் தொங்கிக்கொண்டிருந்தார்.

ஆகவே மனசுக் கட்சியாரை நான் பணிவோடு கேட்கிறேன்: அந்தக் கொத்தனாரிடம் என்ன குறைந்திருந்தது? மனசா? ஒரு சொட்டுத் தொடாமல் இருந்த அந்த வைராக்கியமே அவரை எமன் வாசல்வரை இட்டுச் சென்றது. வைராக்கியம் இல்லாத சோம்பேறியாக இருந்து, சனிக்கிழமை மத்தியானம் ஒரு குவார்ட்டரை வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தால், அந்த வாரத்தில் அவருக்கு வலிப்பே வந்திராது!

இது ஒன்றும் நேற்றுக் கண்டுபிடித்த இரகசியமல்ல. டெலிரியம் டிரெமென்ஸ் என்னும் பெயரை இட்டு இந்தச் சித்தப் பிரமையைத் தாமஸ் ஸட்டன் என்ற ஆங்கிலேய வைத்தியர் எழுதி வைத்தது 1813-ஆம் ஆண்டில். நாள்தோறும் மூளையை அமுக்கும் சரக்கை எதிர்த்து மூளையும் நாள்தோறும் விசையைக் கூட்டிக்கொண்டே போகிறது. பாரத்தை நெஞ்சால் தள்ளிக்கொண்டிருப்பவன் எதிரிலிருந்து பாரத்தைத் திடீரென்று விலக்கினால் அவன் குப்புற விழுவதைப் போல, குடி நின்ற இரண்டாம் மூன்றாம் நாளில் மூளை கட்டவிழ்ந்து ஓடுகிறது. 1955-இல் ஹாரிஸ் இஸ்பெல் என்பவரும் அவருடைய சகாக்களும், அமெரிக்காவில் கென்டக்கி மாகாணத்து லெக்ஸிங்டனில், நல்ல ஆகாரமும் வைட்டமின்களும் கொடுத்துச் சில மனிதர்களை வாரக்கணக்கில் குடிக்கச் செய்து, ஒருநாள் சட்டென்று நிறுத்திப் பார்த்தார்கள். இன்றைக்கு எந்த அறநெறிக் குழுவும் அனுமதிக்காத பரீட்சை. நெடுநாள் குடித்தவர்களில் சிலருக்கு வலிப்பும் பிரமையும் வந்தே தீர்ந்தன. சிகிச்சை அறியாத காலத்தில் மூவரில் ஒருவரைக்கூடக் கொண்டுபோன இந்நிலை, தக்க மருந்து கிடைத்தால் இன்று நூற்றுக்கு ஐந்து பேரைக்கூடக் கொல்வதில்லை. மனத்திண்மையை அளக்கும் ஊசி எதுவும் அந்த மருந்துப் பெட்டியில் இருப்பதாகத் தெரியவில்லை.

இந்த இடத்தில் மனசுக் கட்சியார் தங்கள் பிரம்மாஸ்திரத்தை எடுப்பார்கள். "ஐயப்பனுக்கு மாலை போட்டால் நாற்பத்தொரு நாள் தொடாமல் இருக்கிறானே, அது எப்படி?" என்பார்கள். எப்படியா? இருக்கக்கூடிய உடம்பு உள்ளவன் இருக்கிறான். வாரத்துக்கு இரண்டு நாள் நண்பர்களோடு குடிப்பவனுக்குக் கார்த்திகை மாசம் ஒரு பொருட்டல்ல. விடியற்காலையில் கை நடுங்குகிறவன் மாலை போடுவதற்கே அஞ்சுகிறான். துணிந்து போட்டவன் மூன்றாம் நாள் மாலையைக் கழற்றிவிட்டுச் சாமிக் குற்றத்தையும் தலையில் சுமக்கிறான். அவனைக் குருசாமிகள் கணக்கில் சேர்ப்பதில்லை. தேறினவர்களை மட்டும் எண்ணிவிட்டு, நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று விளம்பரம் செய்யும் தனிப்பயிற்சிக் கல்லூரிகளின் சாமர்த்தியம் இது. நாற்பத்தொரு நாளும் தேறியவன்தான் மலையிறங்கிய மறுநாள் எங்கே நிற்கிறான் என்பதையும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். எங்கள் கொத்தனாரும் ஒரு வருஷம் மாலை போட்டவரே. நாலாம் நாள் கழற்றினார். சாமிக் குற்றம்தான் வலிப்பாக வந்தது என்று சொல்பவர்கள் இன்றும் எங்கள் தெருவில் இருக்கிறார்கள்.

மனசுக் கட்சியின் சித்தாந்தத்தை அரசாங்கமே ஒருமுறை நாடளாவிப் பரீட்சித்துப் பார்த்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கடைகள் ஒரே நாளில் சாத்தப்பட்டன; ஒருவரும் மனசு வைக்கவேண்டிய அவசியமே இல்லாமல் லட்சோபலட்சம் பேர் ஒரே இரவில் குடியை விட்டுவிட்டார்கள். விளைவு என்ன? கேரளத்தில் தற்கொலைகள் வரிசையாக நிகழ, டாக்டர் சீட்டைக் காட்டி மது வாங்கிக்கொள்ளலாம் என்று அம்மாநில அரசு உத்தரவிட, டாக்டர்கள் கொதித்தெழ, உயர் நீதிமன்றம் அவ்வுத்தரவுக்குத் தடை விதித்தது. நம் புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையில், சவர லோஷனைக் குளிர்பானத்தில் கலந்து குடித்து மீனவர்கள் மாண்டார்கள். அதைக் குடித்தவர்கள் ருசிக்காகக் குடித்தார்கள் என்று எந்த மகானுபாவராவது சொல்வாரா? கடையைச் சாத்துவது பற்றி ராஜாஜி 1937 அக்டோபர் முதல் தேதி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய நாளிலிருந்து நாம் தர்க்கம் செய்துகொண்டுதான் இருக்கிறோம். திறந்தார்கள், மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். சாத்திய கதவுக்கு வெளியே நடுங்கிக்கொண்டு நிற்பவனை எந்த வார்டில் சேர்ப்பது என்ற பேச்சு எந்தக் கட்சியின் தேர்தல் மேடையிலும் என் காதில் விழுந்ததில்லை.

மத்திய சமூகநீதி அமைச்சகம் எய்ம்ஸ் நிபுணர்களைக் கொண்டு நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இத்தேசத்தில் மதுவுக்கு அடிமைப்பட்டவர்கள் ஏறக்குறைய 2.9 கோடிப் பேர். அவர்களில் ஏதேனும் ஒரு சிகிச்சையைப் பெற்றவர் 38 பேருக்கு ஒருவர். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். எந்தச் சிகிச்சையும் பெறாத மீதி 37 பேரும் என்ன செய்தார்கள்? வேறென்ன, மனசு வைத்துக்கொண்டிருந்தார்கள்! எங்கள் கொத்தனார் 180-இல் ஒருவராகத் தேறியதுகூட, அவருக்கு வலிப்பு வந்த பாக்கியத்தால்தான்.

மனசுக் கட்சிக்கு ஒரு தங்கை உண்டு. அவள் பெயர் கால்கட்டு. மகன் குடிக்கிறான், ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தால் திருந்திவிடுவான் என்று பெண் தேடும் தாய்மார்கள், பிறர் பெற்ற பெண்ணை ஊசி மருந்தாகக் கருதுகிறார்கள். அந்த மருந்து பலிக்காமற்போனால், மருமகளுக்குச் சாமர்த்தியம் போதாது என்ற தீர்ப்பும் தயார். இன்னொரு தாயாதி, 'குடிப்பவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்' என்று சுவரொட்டி ஒட்டும் பொடி வியாபாரி. டைசல்பிரம் என்ற மருந்து குடியோடு சேர்ந்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் சரிந்து, சில சமயம் பிராணனே போகக்கூடும் என்பதால், நோயாளியின் சம்மதமும் டாக்டரின் மேற்பார்வையும் இன்றி அதைக் கொடுக்கலாகாது. பெயரற்ற பொட்டலத்தில் இருப்பது அதுவா, வெறும் சுண்ணாம்பா என்று யார் கண்டார்கள்? மனசால் தீரும் நோய்க்குப் பொடி எதற்கு என்று அந்த வியாபாரியிடம் மட்டும் எந்தப் பண்பாளரும் கேட்பதில்லை.

இன்ஷூரன்ஸ் கம்பெனிகளோ மனசுக் கட்சியின் உயர்மட்ட உறுப்பினர்கள். குடிநோய்க்கான சிகிச்சையும் அதன் விளைவுகளும் காப்பீட்டில் அடங்கா என்று பாலிசிப் பத்திரத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். போதைப் பழக்கத்தால் விளையும் நோயும் மனநோயே என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது; நாடாளுமன்றம் நோய் என்றதை, கம்பெனி குணக்கேடு என்கிறது. இந்த இடைவெளியில் முளைத்தவைதாம், தகரக் கொட்டகையும் உயர்ந்த மதிலுமாக ஊர்ப்புறங்களில் காணப்படும் சில 'மறுவாழ்வு' இல்லங்கள். அங்கே டாக்டர் இல்லை, தயமின் இல்லை; மனசை வரவழைக்கப் பிரம்பு மாத்திரம் இருக்கிறது. அடிபட்டுச் செத்தவர்களின் செய்தி பத்திரிகையில் வரும் அன்று, சீல் வைக்க ஜீப் வரும்.

செய்ய முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. கணவரை இந்நோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் என்ற பெண்மணி, 1980-இலேயே சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கி, நோயாளிக்கு மருந்தும், குடும்பத்துக்கு ஆலோசனையும், வீடு திரும்பியபின் தொடர்ந்து கண்காணிப்புமாகச் சிகிச்சை நடத்திக் காட்டினார். வேட்கையைத் தணிக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோஸேட் போன்ற மாத்திரைகள் வந்து வருஷங்கள் பல ஆகின்றன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும் இருக்கிறது, அங்கே நல்ல டாக்டர்களும் இருக்கிறார்கள்.

எங்கள் கொத்தனாரையும் பதினைந்து நாளைக்கு ஒருமுறை வரச்சொல்லித்தான் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். மூன்று தடவை போனார், நன்றாகவே இருந்தார். நாலாம் தடவை, கான்கிரீட் போடும் நாளில் மேஸ்திரி அரை நாள் லீவு கொடுக்க மறுத்துவிட்டார். வேலையை முடித்துவிட்டுப் போனபோது புறநோயாளர் சீட்டு கொடுக்கும் ஜன்னலை மூடிவிட்டார்கள். ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் ஈட்டித் தரும் அரசாங்கத்துக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிவரை காத்திருக்கிறது. அதே அரசாங்கத்து மருத்துவமனையின் புறநோயாளர் சீட்டு ஜன்னலோ பெரும்பாலும் அந்த 12 மணியோடு சாத்திக்கொள்கிறது. மாத்திரை நின்று மூன்றாம் வாரம் கொத்தனார் மறுபடி குடித்தார். "பார்த்தீர்களா, மனசு இல்லை" என்று தெருவே சொல்லிற்று. சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு சீட்டு ஜன்னலைத் திறந்து வைப்பதற்கு எவர் மனசு வைக்கவேண்டும் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லக் காணோம்.